முதல் ஏலத்தில் போன ஐம்பது கம்பெனிகள்

எங்கள் பழவேற்காட்டு இறங்குதளத்தில் மீனுக்குச் சொந்தக்காரர் விலை சொல்லக் கூடாது. இது எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். படகு வந்ததும் மீனைத் தரையில் கூறு கூறாகக் கொட்டுவார்கள். ஏலக்காரர் குனிந்து பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குவார், வியாபாரிகள் ஏற்றிக்கொண்டே போவார்கள். பிடித்தவர் ஓரமாக நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'இந்த விலைக்குக் குறைந்தால் தரமாட்டேன்' என்று வாயைத் திறந்தால் ஏலக்காரரை நம்பவில்லை என்று ஆகிவிடும். மறுநாள் அவர் மீன் கடைசியில்தான் ஏலத்துக்கு வரும். கடைசியில் என்றால், சென்னைக்குப் போகும் வண்டிகள் நிரம்பிக் கிளம்பிய பிறகு. அந்த நேரத்து மீனை வாங்குகிறவன் விலை கேட்க மாட்டான், அவன்தான் விலை சொல்லுவான். அதனால் எல்லோரும் முதல் ஏலத்துக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கத்தை என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

எனக்கு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை. படிப்பு எட்டாவது. மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்தும், கடைக்கு வருகிறவர்களின் வாயைப் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான். அதிலும் வாய்தான் அதிகம். ஒரு நண்டுக்காரம்மா ரிப்பேருக்குக் கொண்டுவந்த போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, "கூப்ட்டா கேக்குது, பதில்தான் பேச மாட்டேங்குது, எங்கூட்டுக்காரு மாதிரியே கீது" என்றார். இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். இது ஒரு நோய் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அக்காவின் புருஷன் ஐப்பசிக் காற்றில் முகத்துவாரத்தைத் தாண்டும்போது படகு கவிழ்ந்து செத்தார். மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். பிள்ளை கிடையாது. கொழுந்தன் வீடும் இவர்கள் வீடும் ஒரே கூரைதான், நடுவில் ஒரு சுவர். கருமாதி முடிந்த வாரமே அந்தச் சுவரில் ஒரு வழி உடைத்தார்கள். அக்காவின் கட்டில் பின்னால் வலை போட்டு வைக்கும் கொட்டகைக்குப் போனது. அவள் இருந்த அறையில் கொழுந்தனின் பிரிட்ஜும் பீரோவும் வந்து உட்கார்ந்தன.

கொட்டகையில் ஒரு ஃபேன் உண்டு. சுவிட்சு மட்டும் கொழுந்தன் பக்கம். அவர்கள் தூங்கப் போகும்போது கரண்ட் மிச்சம் என்று அணைத்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் பகலிலும் அணைத்துவிட்டு, ஓரகத்தி உள்ளேயிருந்து "யக்கா, சுவிட்சு மேல கை பட்டுடிச்சி" என்பாளாம். அப்புறம் போடமாட்டாளாம். சோற்றில் அக்காவுக்கு மீன் தலை மட்டும் வரும். ஒரு நாள் நடுத்துண்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டதற்கு, கொழுந்தன் ரொம்ப மரியாதையாக, "அண்ணி, எங்கண்ணன் துன்ன துண்டையும் சேத்து நீங்களே துன்றீங்களா" என்று கேட்டானாம். அவன் எப்போதும் அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசுவான். அடித்தால்கூட வாங்க போங்க என்று சொல்லிக்கொண்டேதான் அடிப்பான் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குத் திருப்பாலைவனம் போகிற ரோட்டில் மூன்று சென்ட் மனை இருந்தது. எறா நன்றாகக் கிடைத்த ஒரு வருஷத்தில் புருஷன் அவள் பேரில் வாங்கிப் போட்டது. நிவாரணத் தொகை வந்ததும் அவள் கடைக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"ஒரு ரூமு போதும் தம்பி. ஒரு கதவு. சுவிட்சு என் கைக்கு எட்டணும், அவ்ளோதான்."

ஆரம்பாக்கத்து மேஸ்திரி ஒருவர் மனையைப் பார்த்து ஒரு தொகை சொன்னார். கையில் இருந்தது அதில் முக்கால்வாசிக்குத்தான் வந்தது. கால்வாசி குறைவு. அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே சுவர் வரைக்கும் எழுப்பி, மேலே ஓலை போட்டுக்கொண்டு அவள் குடிபோயிருக்கலாம். மேஸ்திரியும் அதைத்தான் சொன்னார். நான்தான் குறுக்கே விழுந்தேன். பணத்தைப் பேங்கில் சும்மா வைத்தால் கொழுந்தன் ஏதாவது சொல்லி வாங்கிவிடுவான், ஏழெட்டு மாதம் ஒரு இடத்தில் போட்டால் குறைகிற கால்வாசி தானாக வந்துவிடும், தை மாதம் கூரையோடு முழு வீடாகவே கட்டலாம் என்றேன்.

அந்த இடம்தான் இண்டெக்ஸ் ஃபண்டு. அதிலும் பங்கு மாதிரி சந்தையிலேயே வாங்கி விற்கிற வகை, இ.டி.எஃப். என்பார்கள். நான் வீடியோக்களில் பார்த்ததை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நாட்டிலேயே பெரிய ஐம்பது கம்பெனிகளின் பட்டியல், எதையும் நாம் பொறுக்க வேண்டாம், எல்லாவற்றிலும் ஒரு துளித் துளி நமக்குச் சொந்தம், பட்டியல் ஏறினால் நாமும் ஏறுவோம். விற்கிறது எப்படி என்று கேட்டாள். "அதுவும் ஒரு ஏலம்தான்க்கா, நம்ம தளத்துல நடக்குற மாதிரியே" என்றேன். சொன்னபோது எனக்கே என் உவமை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவள் அடுத்த கேள்வி கேட்டாள்.

"அம்பதும் ஒண்ணா முழுவிப் போச்சின்னா?"

"அம்பது படகும் ஒரே நாள்ல கவுருமாக்கா?"

"கவுராது. காத்து அடிச்சா அம்பதும் கரையிலதான நிக்கும். அன்னிக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். இப்படி ஒரு வார்த்தையை எந்த வீடியோக்காரன் சொல்லியிருக்கிறான்? மூன்று நாள் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். ரீசார்ஜுக்கு வந்த துறைமுக டிரைவர்களிடம், மீன் வியாபாரி பாயிடம், எல்லோரிடமும். சொல்லிக்கொண்டே நாலாம் நாள் அவள் பணத்தை அதே ஃபண்டில் போட்டேன். அவள் கேட்டது ஒரு கேள்வி என்பதும், அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். ஒரே பட்டியலை வைத்துப் பல கம்பெனிகள் இந்த ஃபண்டை நடத்துகின்றன. பெரியதில் நாள் முழுக்க வாங்குகிறவனும் விற்கிறவனும் நெருக்கியடிப்பார்கள். நான் அதை விட்டுவிட்டு, வருஷச் செலவு சில பைசா குறைவு என்று ஒரு சின்ன ஃபண்டைத் தேடிப் பிடித்தேன். உள்ளே இருக்கும் ஐம்பது கம்பெனியும் ஒன்றுதானே என்று நினைத்தேன். தளத்தில் பத்து வியாபாரி நிற்கிற நாளும் ஒரே வியாபாரி நிற்கிற நாளும் மீன் என்னவோ ஒன்றுதான், விலைதான் வேறு. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்கவில்லை.

முதல் ஆறு மாதம் ஏறியது. அக்கா வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "சன்னல் வந்துடிச்சா?" என்பாள். மேஸ்திரி சொன்ன தொகையில் எது வரைக்கும் வந்திருக்கிறது என்பதுதான் அவளுக்குக் கணக்கு. சன்னல் வந்தது. கதவு வந்தது. கூரைக்குக் கொஞ்சம்தான் பாக்கி. இந்தச் சமயத்தில் வீட்டில் அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருக்க வேண்டும், ஓரகத்திக்கு அது பொறுக்கவில்லை. கடைத்தெருவில் என்னைப் பார்த்தபோது, "எங்கூட்டுல அம்பது கம்பெனிக்கு ஓனரம்மா ஒருத்தங்க கீறாங்க, வலைக் கொட்டாயில படுத்துகினு ஆபீஸ் நடத்துறாங்க" என்றாள். அதற்கும் நான் சிரித்தேன். நன்றாகத்தானே சொன்னாள்.

மார்கழியில் இறங்க ஆரம்பித்தது. எங்கேயோ சண்டை என்றார்கள், எண்ணெய் விலை என்றார்கள். ஐம்பதில் நல்ல கம்பெனி, மட்டக் கம்பெனி என்று ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. பொறுக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஃபண்டின் பெருமை, இறங்கும்போதும் அது எதையும் பொறுக்கி வெளியே தள்ளாது. பட்டியல் எங்கே போகிறதோ அங்கேயே கூடப் போகும். கூரை போயிற்று, கதவு போயிற்று, சன்னல் போயிற்று, சுவரிலும் பாதி போயிற்று. நான் அக்காவிடம், பொறு, திரும்பும் என்றேன். எவ்வளவு நாளில் என்று கேட்டாள். அது யாருக்கும் தெரியாது என்றேன். தை மாதம் என்று நீதானே சொன்னாய் என்றாள்.

தை பிறந்தது. மேஸ்திரி வேறு வேலையை ஒத்துக்கொள்வதா என்று கேட்டு இரண்டு தடவை போன் செய்தார். ஒரு திங்கட்கிழமை நான் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தேன். அன்று காலை வீட்டு டிவியில் சந்தை இன்றைக்குப் பெரிதாக விழும் என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம். ஓரகத்தி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "யக்கா, உங்க கம்பெனியெல்லாம் இன்னிக்குக் கருமாதியாம், எள்ளு வேணுமா" என்றாளாம்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு இறங்குதளத்துக்கு வந்து, ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். எப்படி விற்பது என்று நான் முன்பே காட்டிக் கொடுத்திருந்தேன். சந்தை ஒன்பதே காலுக்குத் திறக்கும் என்றும் சொல்லியிருந்தேன். அதனால் அவள் எட்டரைக்கே வந்துவிட்டாள், முதல் ஏலத்தைத் தவறவிடக் கூடாது என்று. திறந்ததும் அழுத்தினாள். போன் ஒரு கேள்வி கேட்டது. உன் விலையை நீ சொல்கிறாயா, அல்லது சந்தை விலைக்கே விடுகிறாயா? அந்தக் கேள்வியைப் பார்த்து அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம். "நாம எப்படி தம்பி வெல சொல்றது" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். சந்தை விலைக்கே விட்டாள். மொத்தத்தையும், ஒரே கூறாக.

திறந்த முதல் நிமிஷத்தில், பயந்து கிடக்கிற ஒரு காலையில், அந்தச் சின்ன ஃபண்டை வாங்க ஆளே இல்லை. எவனோ நாலு பேர் கிடைத்தால் கிடைக்கட்டும் என்று அடிமாட்டு விலைக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அக்காவின் கூறு அவர்கள் மேல் விழுந்தது. உள்ளே இருந்த கம்பெனிகளின் மதிப்பு ஒரு யூனிட்டுக்கு நூறு ரூபாய், அவளுக்குக் கிடைத்தது எண்பத்தாறு. அந்த நூறே ஏற்கெனவே விழுந்து நொறுங்கிய நூறு. பத்து மணிக்கு நான் பொன்னேரியில் போனைப் பார்த்தபோது விலை பழையபடி உள்மதிப்புக்குப் பக்கத்தில் நின்றது. முக்கால் மணி நேரம் அவள் சும்மா இருந்திருந்தால் போதும். அல்லது ஒரு விலையைத் தானே சொல்லியிருந்தால் போதும்.

மிச்சப் பணம் அஸ்திவாரத்துக்கும் மேல்மட்டம் பூசுவதற்கும் சரியாக இருந்தது. சுவர் இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அன்று மதியம் திரும்பி வந்து அவளை எல்லோர் எதிரிலும் திட்டினேன். மீன் விற்கிற மாதிரி விற்றாயே, அது நாறியா போகும், ஐஸ் உருகியா போகும் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஏலம்தான்னு நீதான சொன்ன" என்றாள். சாயங்காலம் டீக்கடையில் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தது, எட்டரைக்கே வந்தது, விலை சொல்லக் கூச்சப்பட்டது, எண்பத்தாறுக்கு விட்டது, எல்லாவற்றையும் அவள் குரலிலேயே. டீக்கடை அதிர்ந்தது. எனக்குக் கதை சொல்ல வரும், அது ஊருக்கே தெரியும். அவ்வளவு நன்றாக நான் எதையும் சொன்னதில்லை.

மறுநாளே அவளுக்கு 'மொத ஏலம்' என்று பேர் வந்துவிட்டது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போடும்போது, "மொத ஏலம் வருது, வழி வுடுங்க" என்பார்கள். ரேஷன் கடையில் சொன்னார்கள். கோயில் கூழ் ஊற்றும்போது அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவள், "மொத ஏலத்துக்கு மொத கூழு" என்று அவள் பாத்திரத்தில் ஊற்றினாள். அதை எனக்குச் சொல்லிச் சிரித்தவர்களிடம் நானும் சிரித்தேன். நான் பெற்ற பிள்ளை மாதிரி அந்தப் பேர் ஊரில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

ஐந்து மாதம் போயிற்று. சந்தை திரும்பியது. அவள் வாங்கிய விலையையும் தாண்டியது. கதவு, சன்னல், கூரை எல்லாம் வந்துவிட்டன, அவளுக்கு மட்டும் வரவில்லை. ஒரு நாள் சார்ஜர் வாங்க வந்தவள் கேட்டாள்.

"இப்ப இன்னா வெல விக்குது தம்பி அது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்து எலும்பு தெரிந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னால் நல்லவன் மாதிரி இருக்கும். சொன்னால் அவள் என்னை என்ன சொல்வாளோ என்ற பயமும் இருந்தது. "இன்னும் கீழ போயிடிச்சிக்கா. நல்ல வேளை, நீ அன்னிக்கே வித்த" என்றேன். காட்டு என்றாள். வேறு ஏதோ ஒரு நொடித்துப் போன கம்பெனியின் சிவப்புக் கோட்டைக் காட்டினேன்.

அக்கா சிரித்தாள். தை மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்க்கிறேன். "பாத்தியா, என்னைப் போய் திட்டினியே" என்று என் முதுகில் ஒன்று போட்டாள். எதிர்க் கடையில் எனக்கு டீ சொன்னாள். தனக்கும் சொல்லிக்கொண்டு, நின்றபடியே குடித்தாள். நான் அவள் குடித்து முடிக்கும்வரை அவள் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை அவள் மனசுக்குள் வைத்துக்கொள்வாள் என்று நினைத்தது என் மடத்தனம். அத்தனை மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் சும்மா இருப்பாளா? வீட்டுக்குப் போய் ஓரகத்தியிடம், உங்கள் எல்லாரையும்விட எனக்குப் புத்தி இருக்கிறது, தப்பித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கொழுந்தனிடம் பெரிய போன் இருக்கிறது. அந்த ஃபண்டின் பேரைத் தேடிப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஆனால் வீட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடியும்வரை வைத்திருந்து, இறங்குதளத்தில் கூட்டம் கூடியபின் சொன்னான். நான் பாயின் போனைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். முதல் கூறு கொட்டுவதற்கு முன்னால், கொழுந்தன் தரையில் தன் போனை வைத்தான். "அண்ணி, கொஞ்சம் இப்படி வாங்க" என்று கூப்பிட்டான். ஏலக்காரர் மாதிரியே குனிந்து அதைப் பார்த்தான்.

"எங்க அண்ணியோட அம்பது கம்பெனி. தை மாசம் அவங்க வித்தது எம்பத்தாறு. எம்பத்தாறு, எம்பத்தாறு. யாரு ஏத்துறீங்க?"

யாரோ தொண்ணூறு என்றார்கள். யாரோ நூறு என்றார்கள். நூற்றைந்து, நூற்றுப் பத்து. எனக்குத் தெரிந்த குரல்கள்தான் எல்லாம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அவன் "இன்னும் பத்தல" என்று சிரித்தான். நூற்று முப்பதில் போனைக் கையில் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இன்னிக்கு வெல இதாங்க அண்ணி. நம்பர் படிப்பீங்கள்ல? எறங்கிப் போச்சின்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் படித்தாள். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் பாயின் போனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது.

என் பேரை அவள் சொல்லவில்லை. யாரோ சொன்னாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. ஏலக்காரர் மட்டும் சிரிக்காமல், நேரமாகிறது, மீனைக் கொட்டுங்கள் என்றார்.

பத்து மணிக்குக் கடைக்கு வந்தாள். பங்கு விற்கிற அந்த ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன். உனக்காகத்தான்க்கா சொன்னேன் என்றேன்.

"பொய் சொன்னது கூடப் பரவால்ல. சொல்லிட்டு, நான் சிரிக்கிறத நின்னு பாத்துகினு இருந்தியே, அதுதான் தம்பி எனக்கு ஆறல."

அதற்கு அப்புறம் அவள் என் கடையில் பேசுவதில்லை. ரீசார்ஜ் என்றால் ரீசார்ஜ், அவ்வளவுதான். வாயிலிருந்து வேறு ஒன்றும் வராது. இன்னும் அந்தக் கொட்டகையில்தான் படுக்கிறாள். போன மாதம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவளிடம் போய், என் சேமிப்பில் கொஞ்சம் இருக்கிறது, மேஸ்திரியிடமும் பேசிவிட்டேன், சுவரை எழுப்பிவிடலாம் என்றேன். திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவள் பஸ் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். உன் துட்டுல செவுரு எழும்பினா, அதையும் டீக்கடையில ஒரு கதையா சொல்லுவ."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். திருப்பாலைவனம் ரோட்டில் போகும்போது இடது பக்கம் அந்த அஸ்திவாரம் தெரியும். வழவழவென்று நன்றாகப் பூசியிருக்கிறார் மேஸ்திரி. மணல் ஒட்டாது என்று கொழுந்தன் அதன்மேல்தான் வலை காயப்போடுகிறான்.